நாற்பதை நெருங்கும் வயதில் நான்காவது பட்டம்: சென்னை ஐஐடியின் பிஎஸ் படிப்பு எப்படி?

சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் 'தரவு அறிவியலும் பயன்பாடுகளும்' என்னும் பிஎஸ் (நான்காண்டு இளநிலைப் பட்டம்) படிப்பில் சேரலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள் இரு வகையினர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பெற்றோர் ஒரு வகை. கையில் ஏற்கெனவே ஒரு பட்டமும் ஒரு வேலையும் இருந்தும், செயற்கை நுண்ணறிவைப் பற்றிய செய்தி ஒவ்வொன்றையும் படித்து உள்ளூரக் கலங்குபவர்கள் மற்றொரு வகை. நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். தென் மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். பி.எஸ்ஸி., எம்.சி.ஏ., எம்.ஃபில். என்று மூன்று பட்டங்களை வாங்கிய பிறகு 2021ஆம் ஆண்டில் இதில் சேர்ந்தேன். அடித்தள நிலையையும் இரண்டு பட்டயங்களையும் கடந்து, இப்போது பட்ட நிலைப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே துறையின் கல்விக்கு நான்கு முறை பணம் கட்டியவன் என்பதால், இந்த நான்காவதை முந்தைய மூன்றோடு ஒப்பிட்டே என்னால் மதிப்பிட முடிகிறது.

முந்தைய மூன்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004இல் பி.எஸ்ஸி. சேர்ந்தபோது எங்கள் ஆய்வகத்தில் டர்போ சி என்ற பழைய மென்பொருளின் நீலத் திரையில்தான் நிரல் எழுதினோம். நிரலின் முதல் வரியிலேயே திரையைத் துடைக்கும் கட்டளையை எழுதாவிட்டால் ஆய்வக உதவியாளர் முறைப்பார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணினி. மீதி நேரம் ரெக்கார்ட் நோட்டு. ஓடிய நிரலைவிட நோட்டில் ஒட்டிய வெளியீட்டுத் தாளுக்குத்தான் மதிப்பெண். தேர்வுக்கு முந்தைய 5 ஆண்டு வினாத்தாள்களைப் புரட்டினால் போதும். 8085 நுண்செயலியின் வரைபடம் எந்த ஆண்டு வரும், எந்த ஆண்டு வராது என்பதை நண்பன் ஒருவன் பஞ்சாங்கம்போலக் கணித்துச் சொல்வான். அடுத்து எம்.சி.ஏ. அது அப்போது மூன்றாண்டுப் படிப்பு. 2020-21 முதல்தான் ஈராண்டாயிற்று. கடைசிப் பருவம் முழுவதும் புராஜெக்ட். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைப் புராஜெக்ட் சென்டர்களில், அட்டை போட்டுப் பொன்னெழுத்தில் பெயர் அச்சிட்ட நிலையில், விலைக்கு வாங்கினார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். நான் வாங்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. என் கையில் அப்போது பணம் இல்லை, அவ்வளவுதான். எம்.ஃபில். பட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆசிரியர் வேலைக்காகப் படித்தேன். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது.

இனி இந்தப் படிப்பு. 2020 ஜூன் 30 அன்று அறிவிக்கப்பட்டு, 2021 ஜனவரியில் முதல் வகுப்பு தொடங்கியது. நான் சேர்ந்தபோது அது நிரலாக்கமும் தரவு அறிவியலும் சார்ந்த பி.எஸ்ஸி. பட்டமாக இருந்தது, 2022இல் நான்காண்டு பிஎஸ் பட்டமாக விரிந்து இப்போதைய பெயரைப் பெற்றது. 2023இல் மின்னணு அமைப்புகளுக்கென இதே முறையில் இன்னொரு பிஎஸ் படிப்பையும் தொடங்கினார்கள். ஐஐடிகளின் நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதியிருக்க வேண்டியதில்லை. வயது வரம்பும் இல்லை. ஆண்டுக்கு ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று பருவங்கள்; ஒவ்வொரு பருவத்திலும் 12 வாரப் பாடம். அடித்தள நிலைக்கு 32 கிரெடிட், நிரலாக்கப் பட்டயத்துக்கு 27, தரவு அறிவியல் பட்டயத்துக்கு 27, பி.எஸ்ஸி. நிலைக்கு 28, பிஎஸ் நிலைக்கு மேலும் 28 என மொத்தம் 142 கிரெடிட். எந்த நிலையில் வேண்டுமானாலும் அதற்குரிய சான்றிதழைப் பெற்றுக்கொண்டு விலகலாம். ஒருவர் ஒரு பட்டயத்தோடு நின்றால் அதைத் தோல்வி என்று யாரும் எழுதிவைப்பதில்லை. பாதியில் நின்றவனுக்கு 'டிஸ்கன்டின்யூ' என்ற ஒரே பெயரைக் கொடுக்கும் நம் கல்லூரி முறையிலிருந்து வந்த எனக்கு, இந்த ஏற்பாடே முதல் ஆறுதலாக இருந்தது.

நுழைவுத் தேர்வு இல்லை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. விண்ணப்பித்தவுடன் நான்கு வாரத் தகுதிச் சுற்று ஒன்று இருக்கிறது. கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் ஆகிய நான்கு பாடங்களின் முதல் நான்கு வாரக் காணொளிகளை நமக்குத் திறந்துவிடுகிறார்கள். வாரந்தோறும் பயிற்சிகளை முடித்துச் சமர்ப்பிக்க வேண்டும். பிறகு நேரில் சென்று ஒரு தேர்வு எழுத வேண்டும். அதாவது, எதில் தேர்வு வைக்கப்போகிறார்களோ அதைக் கற்பித்துவிட்டுத் தேர்வு வைக்கிறார்கள். சொல்லும்போது இது இயல்பான முறையாகத் தெரியும். ஆனால் நம் நாட்டு நுழைவுத் தேர்வுகள் எல்லாம் வேறோர் இடத்தில், வேறொருவருக்குக் கட்டணம் கட்டிக் கற்றதைச் சோதிப்பவை. என்னோடு அந்தச் சுற்றில் இருந்த ஒரு பேருந்து நடத்துநர், பணிமனையில் வண்டி நிற்கும் நேரத்தில் காணொளி பார்த்துத் தேறினார்.

அடுத்து, இந்தப் படிப்பைப் பற்றிப் பெற்றோர் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறேன். இதன் விரிவுரைகள் பெரும்பாலும் யூடியூபில் எவரும் பார்க்கும்படி கிடக்கின்றன. 2003இல் இலவச விரிவுரைத் திட்டமான என்பிடெல் தொடங்கிய காலத்திலிருந்தே ஐஐடிகளின் வழக்கம் இது. அப்படியானால் எதற்குப் பணம் என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முடியும்: தேர்வுக்குத்தான் பணம். கெடு தேதிக்குப் பணம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப வைப்பதற்குப் பணம், எழுதியதற்கு ஒரு நிறுவனம் தன் பெயரைப் போட்டு மதிப்பெண் தருவதற்குப் பணம். இலவசமாகக் கிடைத்த பாடங்களை இதற்கு முன் நான் ஏழெட்டு முறை தொடங்கியிருக்கிறேன். எதிலும் மூன்றாவது வாரத்தைத் தாண்டியதில்லை. இந்தச் சேவையை மதிப்பிட வேண்டுமானால் காணொளியின் தரத்தைவிடத் தேர்வின் தரத்தைத்தான் முதலில் எடைபோட வேண்டும்.

ஆயினும் ஒரு காணொளித் தொடரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கணினிச் சிந்தனை என்ற பாடத்தை ஜி. வெங்கடேஷும் சென்னை கணிதவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மாதவன் முகுந்தும் நடத்துகிறார்கள். இருவரும் மேசையருகே அமர்ந்து, கையில் அட்டைக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். சில அட்டைகள் மாணவரின் மதிப்பெண் பட்டியல்கள். சில, கடை ரசீதுகள். சிலவற்றில் ஒரு பத்தியின் சொற்கள், அட்டைக்கு ஒன்றாக. பார்க்காத கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுக்க வேண்டும், அதிலிருந்து வேண்டியதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும், பார்த்த கட்டில் அதைப் போட வேண்டும், முதல் கட்டு தீரும்வரை இதையே செய்ய வேண்டும். பல வாரங்களுக்கு இவ்வளவுதான். கணினி மொழி ஒன்றின் பெயர்கூட வருவதில்லை. வகுப்பில் முதலிடம் பெற்றவர் யார் என்று காண ஒரு முறை கட்டைப் புரட்டினால் போதுமா, இரண்டு முறை புரட்ட வேண்டுமா. ஒரே நாளில் பிறந்த இருவர் இருக்கிறார்களா என்று காண ஒவ்வோர் அட்டையையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடத்தான் வேண்டுமா, முதலில் மாதவாரியாகப் பிரித்துக்கொண்டால் வேலை குறையுமா என்று அவர்கள் தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாறி, சுழற்சி, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கு எல்லாம் பெயர் சொல்லாமல் வந்து அமர்ந்துவிடுகின்றன. பத்தாண்டுகளுக்கும் மேலாக 'அல்காரிதம் என்பது யாதெனில்' என்று கரும்பலகையில் வரையறை எழுதித் தொடங்கியவன் நான். அந்தப் பருவம் முடிந்ததும் எங்கள் ஊர் ஜவுளிக் கடையில் பழைய பில் கட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, என் முதலாண்டு மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். இந்தப் படிப்புக்கு நான் கட்டிய பணம் அன்றைக்கே திரும்பிவிட்டதாகத்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கணிதத்தில் அடி வாங்கினேன். இரண்டாம் கணிதப் பாடம் நேரியல் இயற்கணிதம். எம்.சி.ஏ. முதலாண்டில் அணிகளைப் பெருக்கியிருக்கிறேன், நேர்மாறும் கண்டிருக்கிறேன்; ஆனால் திசையன் வெளியின் அடிப்படை எது, ஓர் அணியின் தரம் (ரேங்க்) குறைந்தால் என்ன தொலைந்துபோகிறது என்ற கேள்விகளை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பேராசிரியர் நடத்தியதில் குறையில்லை. இதெல்லாம் தெரிந்ததுதானே என்று நான்தான் ஐந்து வாரங்களைக் காணொளி பார்க்காமலே தள்ளினேன். விளைவு, 'யு' கிரேடு. இங்கே எஸ் என்றால் 10 புள்ளி, ஏ என்றால் 9. இப்படியே இறங்கி, 40 மதிப்பெண்ணில் கிடைக்கும் ஈ கிரேடுக்கு 4 புள்ளி. அதற்கும் கீழே யு, அதாவது தோல்வி. நம் பல்கலைக்கழகங்களைப்போல அரியரை வைத்துக்கொண்டு நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வை மட்டும் எழுதிப் பார்க்கும் வசதி கிடையாது. பாடத்துக்கான கட்டணத்தை மறுபடி கட்டி, 12 வாரத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். மாணவர்களின் அரியர் எண்ணிக்கையைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதுகிறவன் நான். அந்த ஆண்டு அந்த வேலையைச் சற்று அடக்கத்தோடு செய்தேன்.

ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு குறுந்தேர்வுகள், ஓர் இறுதித் தேர்வு. அவற்றை மையத்துக்கு நேரில் போய்க் கணினி முன் அமர்ந்து எழுத வேண்டும். வாரப் பயிற்சிகளுக்கான மதிப்பெண் இறுதிக் கணக்கில் சிறு பங்குதான். ஆனால் அவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காதவர் தேர்வெழுத முடியாது. ஆக, வாரப் பயிற்சியில் நண்பனைப் பார்த்து எழுதித் தப்பிக்கலாம், அதனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. தேர்வு மையத்தில் மாட்டிக்கொள்வோம். வீட்டிலிருந்தே எழுதும் இணையத் தேர்வுகளுக்கு இருக்கும் மதிப்பு என்னவென்று நமக்கெல்லாம் பெருந்தொற்றுக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. நேரில் வந்துதான் எழுத வேண்டும் என்ற பிடிவாதமே இந்தப் பட்டத்தைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன். பைதான், ஜாவா போன்ற நிரலாக்கப் பாடங்களில் மட்டும், கண்காணிப்பாளர் தொலைவிலிருந்து பார்க்க, குறித்த நேரத்துக்குள் நிரல் எழுதி ஓட்டிக் காட்டும் தேர்வு தனியாக உண்டு. அதை வீட்டிலிருந்து எழுதுகிறோம். என் மகள் கதவைத் தட்டாமல் இருப்பதற்கு அன்று ஒரு சாக்லேட் ஒப்பந்தம் தேவைப்படும்.

இதே தேர்வு முறையில்தான் என் முக்கியமான குறையும் இருக்கிறது. விடைகளைத் திருத்துவது இயந்திரம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பது, ஓர் எண்ணை விடையாகத் தருவது என்று மூன்று வகை வினாக்களைத்தான் அது திருத்தும். வினாக்கள் எளிதானவை அல்ல. குருட்டு மனப்பாடத்தால் அவற்றை எதிர்கொள்ளவே முடியாது. ஆனாலும், ஒரு தேற்றத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுவிக் காட்டும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதி, கடைசிக் கூட்டலில் தவறியவனும், எதுவுமே புரியாமல் விடையைக் குறித்தவனும் இங்கே பூச்சியத்தில் சந்தித்துக்கொள்வார்கள். என் பழைய பல்கலைக்கழகம் வரி வரியாகப் படித்துத் திருத்தியது; ஆனால் அது கேட்ட கேள்விகள் படிக்கத் தகுந்த விடைகளைக் கோரவில்லை. நல்ல கேள்வியும் பொறுமையாகப் படிக்கும் கண்ணும் ஒரே இடத்தில் கிடைப்பது, இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் மாணவர்கள் சேரும் படிப்பில் கடினம் என்பதை ஓர் ஆசிரியனாக ஒப்புக்கொள்கிறேன். மாணவனாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நிரலாக்கப் பட்டயம் எனக்குக் கைப்பழக்கத்தைக் கொடுத்தது. தரவுத்தளப் பாடத்தில் வரும், அட்டவணைகளை ஒழுங்காகப் பிரிக்கும் இயல்பு வடிவங்களை நானே ஆண்டுதோறும் கற்பிப்பதால் அது இலகுவாகப் போயிற்று. மாதவன் முகுந்தின் தரவமைப்புப் பாடமும், லினக்ஸ் கட்டளைகளுக்கான பாடமும் நன்று. கடினம் எதுவென்றால், இணையச் செயலி உருவாக்கும் இரண்டு பாடங்களும் அவற்றோடு இணைந்த இரண்டு செயல்திட்டங்களும்தான். முதலாவதில் ஃபிளாஸ்க், எஸ்கியூலைட் என்ற மென்பொருள் கருவிகள். இரண்டாவதில் வியூ, ரெடிஸ், செலரி. ஒரு முழுச் செயலியைத் தனியாளாகக் கட்டி, கடைசியில் வாய்மொழித் தேர்வில் உட்கார வேண்டும். தேர்வாளர் உங்கள் நிரலில் ஏதோ ஒரு வரியைக் காட்டி, இதை நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்பார். இப்போதே ஒரு மாற்றத்தைச் செய்து காட்டச் சொல்வார். புராஜெக்ட் சென்டர் அட்டைகளை ஆண்டுதோறும் முகம் சுளிக்காமல் வாங்கி மேசையில் அடுக்கிய எனக்கு, பதினைந்து நிமிடத்தில் உண்மையைக் கண்டுபிடிக்கும் இந்த எளிய உத்தி ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

தரவு அறிவியல் பட்டயத்தில் வணிகத் தரவு மேலாண்மை என்று ஒரு பாடமும் அதற்கொரு செயல்திட்டமும் உண்டு. உண்மையான வணிகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் தரவை நேரடியாகப் பெற்று, அதன் சிக்கலை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தரவுத் தொகுப்பு செல்லாது. உரிமையாளர் தரும் கடிதம், கடையின் படங்கள், அவருடன் பேசும் காணொளி ஆகியவற்றைச் சான்றாகக் கொடுக்க வேண்டும். நான் எங்கள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போனேன்.

"கணக்கு நோட்டக் குடுத்தா எவனாவது வரி ஆபீஸ்ல இருந்து வந்து நிக்க மாட்டான்ல, சார்?" என்றுதான் முதலில் கேட்டார். கடையின் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டுமே. இரண்டு வாரம் மாலைதோறும் கடையில் நின்று பேசிய பிறகு, 46 நாள் பில் புத்தகங்களையும் கொள்முதல் சீட்டுகளையும் ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். காய்ந்த மிளகாய் வாசனையோடு அந்தத் தாள்களை விரிதாளில் ஏற்ற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தரவு அறிவியலில் பெரும்பகுதி தரவைத் துப்புரவாக்குவதிலேயே கழியும் என்று எல்லோரும் சொல்வார்கள். 'து.ப.' என்பது ஒரு பக்கத்தில் துவரம் பருப்பாகவும், இன்னொரு பக்கத்தில் துணி பவுடராகவும் இருப்பதைக் கண்டபோதுதான் அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கடைக்கு ஓட வேண்டியிருந்தது. அண்ணாச்சிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பக்கத்தைப் பார்த்ததும் வாங்கியவர் பெயரைச் சொல்லிப் பொருளையும் சொல்லிவிடுவார்.

மாதத்தின் முதல் வாரத்தில் விற்பனை ஏறும், சில பொருள்களே பெரும் வரவைத் தரும் என்றெல்லாம் வரைபடம் போட்டு அவரிடம் காட்டினேன். "இதுக்கா சார் இம்புட்டு நாளு?" என்றார். அது நியாயமான விமர்சனம். ஆனால் குளியல் சோப்பு வரைபடத்தில் மட்டும் அவர் விரல் நின்றது. அவர் 12 வகைச் சோப்பு வைத்திருந்தார். 46 நாளில் விற்றதில் பெரும்பங்கு 4 வகைதான். மற்ற 8 வகைகளுக்குள் அவருடைய பணம் எவ்வளவு முடங்கிக் கிடந்தது என்பதைக் கூட்டிக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வந்த விற்பனைப் பிரதிநிதியிடம் இரண்டு வகையை வேண்டாமென்று திருப்பிவிட்டதாகப் பிறகு சொன்னார். மீதியை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அந்தச் சோப்பை மட்டுமே கேட்டு வாங்கும் மூன்று வீட்டார் மாத மளிகை முழுவதையும் அவரிடம்தான் வாங்குகிறார்களாம். என் விரிதாளில் வீட்டுக்கென்று ஒரு நெடுவரிசை இருக்கவில்லை. அறிக்கையின் வரம்புகள் என்ற பகுதியில் இதையே எழுதினேன். முழு அறிக்கையிலும் எனக்குத் திருப்தியளித்த பத்தி அது ஒன்றுதான். எம்.ஃபில். ஆய்வேட்டில் நான் எழுதிய 90 பக்கத்தில் இப்படி ஒரு பத்தி கிடையாது.

இயந்திரக் கற்றல் பாடங்களில் அருண் ராஜ்குமார் நடத்தும் நுட்பங்கள் பாடத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முதன்மைக் கூறுப் பகுப்பாய்வை அவர் சூத்திரமாகத் தருவதில்லை. புள்ளிகளைக் குறைந்த இழப்போடு ஒரு கோட்டின்மேல் எப்படி இறக்குவது என்று கேட்டு, அங்கிருந்து நேரியல் இயற்கணிதத்தின் ஐகன் திசையன் வரை படிப்படியாகக் கூட்டிச் செல்கிறார். நான் தோற்ற நேரியல் இயற்கணிதம் எதற்காக இருந்தது என்பது அங்கேதான் தெரிந்தது.

இது கணினி அறிவியல் பட்டமா என்றும் கேட்கிறார்கள். முழுமையாக அல்ல. இயக்கமுறைமை, கணினி வலையமைப்பு, மொழிமாற்றி (கம்பைலர்) வடிவமைப்பு, தானியங்கிக் கோட்பாடு ஆகியவை எந்தப் பழைய பி.எஸ்ஸி., எம்.சி.ஏ. பாடத்திட்டத்துக்கும் முதுகெலும்பு. இங்கே அவை கட்டாயப் பாடங்களில் இல்லை. அவற்றில் சில பட்ட நிலையில் விருப்பப் பாடங்களாக வருகின்றன. அந்த இடத்தைப் புள்ளியியலும் இயந்திரக் கற்றலும் பிடித்துக்கொண்டன. படிப்பின் பெயரிலேயே தரவு அறிவியல் என்று இருப்பதால் இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால், நினைவகம் எப்படிப் பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது என்று தெரியாமலே ஒருவர் இங்கே நல்ல கிரேடோடு வெளியேறிவிடலாம். என் 8085 வரைபடத்தை நான் இதுவரை கேலி செய்தே பேசியிருக்கிறேன்; இந்த இடத்தில் அதற்குச் சிறு மரியாதை செய்துவிடுகிறேன். செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடமான பதிவகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அது அந்தப் படத்தால் தெரியும்.

செலவைப் பொறுத்தவரை, நான் கட்டிய காலத்தில் அடித்தள நிலைக்கு 32,000 ரூபாய், ஒவ்வொரு பட்டயத்துக்கும் 62,500 ரூபாய். கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். அந்தப் பருவத்தில் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் கட்டினால் போதும் என்பது சம்பளக்காரருக்குப் பெரிய உதவி. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானக் குடும்பத்தினர் ஆகியோருக்குச் சலுகை உண்டு. தகுதியைப் பொறுத்து 75 விழுக்காடு வரை குறையும். சேருமுன் நடப்புக் கட்டணத்தைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இணையவழிக் கணினிப் பட்டங்களில் உலகெங்கும் பேசப்படுவது அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் தொடங்கிய முதுகலைப் படிப்பு. சுமார் 7,000 டாலரில் 10 பாடங்கள். அது ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு உரியது. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே, அதுவும் ரூபாயில் கட்டக்கூடிய விலையில், கதவைத் திறந்துவைத்தது சென்னையின் துணிச்சல்.

பணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது; கணிதப் பாடங்களுக்கு எனக்கு 14 மணி நேரம் ஆயிற்று. வேலையில் இருப்பவர்கள் ஒரு பருவத்தில் இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். தோழமை கிடைக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மாணவர்களைப் பிச்சாவரம், நீலகிரி, காசிரங்கா என்று காடுகளின் பெயர் கொண்ட இல்லங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை வளாகத்தில் பாரடாக்ஸ் என்ற விழாவும் நடக்கிறது. ஒரு முறை போனேன். 19 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே என்னைப் பாதுகாவலர் எவருடைய அப்பா என்று விசாரித்தார். சாலையோரம் நின்ற புள்ளிமான்கள் மட்டும் வயது பார்க்காமல் என்னையும் முறைத்தன.

பெற்றோருக்கு என் கருத்து இது. பிள்ளைக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்து, இதையும் சேர்த்துப் படிக்க விரும்பினால் அடித்தள நிலையை மட்டும் முதலில் பாருங்கள். இதை மட்டுமே படிக்க வைப்பதாக இருந்தால், யாரும் எழுப்பிவிடாமல் காலையில் எழுந்து பாடத்தைத் திறக்கும் பிள்ளையா என்று உங்களுக்குத்தான் தெரியும். பதினேழு வயதில் நான் அப்படி இருக்கவில்லை. உள்ளே வருவது எளிது என்பதற்காகச் சேர்த்துவிடாதீர்கள். ஏற்கெனவே கணினிப் பட்டம் உள்ளவர்கள் நான்கு ஆண்டுப் பட்டத்தைக் குறிவைக்க வேண்டியதில்லை. தரவு அறிவியல் பட்டயம் வரை போனால் செலவுக்கு ஏற்ற பலன் உண்டு. அடித்தளப் பாடங்கள் தெரிந்தவைதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம் என்பதை மட்டும் என் யு கிரேடை முன்வைத்துச் சொல்கிறேன்.

நான் ஏன் பட்டயத்தோடு நிற்கவில்லை என்று கேட்டால், தீபக் கேமானி நடத்தும் செயற்கை நுண்ணறிவுத் தேடல் முறைகள் பாடம் மேலே இருக்கிறது, என் எம்.சி.ஏ. நாள்களில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாமல் நாங்கள் நோட்டுப் போட்டுப் படித்தோம். அடுத்த பருவத்துக்கான பதிவு இந்த வாரம் திறக்கிறது. அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது.